பூட்டியிருந்த பதினேழு வீடுகள்

“கையெழுத்துப் போட ஒரு நிமிஷம். அதுக்கு நாலு வாரம் பொறுக்கணுமாம்மா?”

அதிகாரி எரிந்து விழுந்தார். வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு தாயும் ஒன்பது வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டால் மகள் இன்றே காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான்.

“பிள்ளையைப் பிரிக்க வேண்டாம் சார்,” என்றாள் சமூகப் பணியாளர். மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

“நம்ம ஆளுங்க மூணு தடவை போயிருக்காங்க. மூணு தடவையும் வீடு பூட்டு. பொண்ணு வாசல்ல தனியா!”

“மூணு தடவையும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போயிருக்காங்க. அம்மா ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற நேரம். பொண்ணைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறாங்க. நான் காலையில அஞ்சரைக்குப் போனேன் சார். அம்மா தலை பின்னிக்கிட்டே பதிமூணாம் வாய்ப்பாடு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கே வராது!”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஜெராக்ஸ் தாளை எடுத்தார். ஆறு வருடமாக அவருக்கு அதுதான் வேதவாக்கு.

“பல்கலைக்கழக ஆராய்ச்சியோட முடிவுரை. அறுபது வீடு! ‘பூட்டிய வீடு, பெற்றோர் அக்கறையின்மையின் அடையாளம்.’ பார்த்தீங்களா?”

“அதுல பதினேழு வீட்டுல ஆளையே பார்க்கலை சார். பூட்டைப் பார்த்துட்டு எழுதினது. ‘பூட்டுகிட்ட பேட்டி எடுத்தியா?’ன்னு பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுல ஒரு பேராசிரியர் கேட்டார். பட்டம் கிடைச்சப்புறம் மறுபடி போய்ப் பார்த்தா, பதினாலு வீட்டுல அம்மாங்க வேலைக்குப் போயிருந்தாங்க.”

“இந்தத் தாள்ல அதெல்லாம் இல்லையே?”

“முழுப் புத்தகத்துல, கடைசியில, திருத்தம்னு ஒட்டியிருக்கு.” பையிலிருந்து கனத்த புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. “அடுத்தவங்க ஆராய்ச்சியில குத்தம் கண்டுபிடிக்கிறது சுலபம்மா. அறுபது வீடு ஏறி இறங்கினவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்!”

“தெரியும் சார்.”

அவர் வெடுக்கென்று புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகும்படி தாயிடம் சொல்லத் தானே வராந்தாவுக்கு எழுந்து போனார்.

புத்தகத்திலும் அட்டையிலும் ஒரே பெயர்.