எரிந்துபோன கார்டு

"உங்க பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூணே மூணுதான் தேறும் அக்கா" என்று கடைக்காரத் தம்பி கண்ணாடி மேசைமேல் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக வைத்தான்.

அவள் கைப்பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தாள். கேபினட்டின் உள்நீளம், பவர் சப்ளை எத்தனை வாட், எல்லாம் அதில் இருந்தது. டென்டல் லேப்பில் பத்து வருஷமாகப் பல்செட் செய்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவர் சாப்பிட முடியாது. அளவெடுக்காமல் அவள் எந்தக் கடைக்கும் போனதில்லை.

வீட்டுக்காரர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. காரியத்தைக் கெடுப்பதற்கென்றே சிலர் துணைக்கு வருவார்கள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவளுடைய கார்டு எரிந்துபோனதாம். அவள் வேலையில் இருந்த நேரம். புகை வந்ததாம், அவரே கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனாராம், தேறாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்தக் கார்டையாவது திருப்பிக் கொண்டுவந்திருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, "செத்ததை எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வரணும்?" என்றார்.

அதோடு அவளுடைய லாரி ஓட்டம் கெட்டது.

ஆமாம், லாரிதான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் கம்ப்யூட்டர் திரையில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுவாள். மலைப்பாதை, மழை, கிளீனர்கூடக் கிடையாது. நாளெல்லாம் ஊரார் பல்லோடு மாரடிக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். படத்தை ஓட்டுகிற கார்டு போனபிறகு லாரி நொண்டியது. வளைவில் படம் உறைந்து நிற்கும். மறுபடி உயிர் வரும்போது வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

நல்லதாய்ப் போச்சு என்றார் மாமியார். இந்த வயசில் என்ன விளையாட்டு அண்ணி என்றாள் நாத்தனார். வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல், பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட ஆள் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தன் சம்பளத்தில் வாங்கிய பெட்டி அது. அவள் அதைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போய்க் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் கார்டு புத்தம் புதுசு. சீட்டைப் பார்த்தாள். இரண்டு விரல் நீளம் கூடுதல், இடிக்கும்.

இரண்டாவது நீளத்துக்குச் சரி. ஆனால் அது இழுக்கிற கரண்ட்டை அவளுடைய பவர் சப்ளை தாங்காது.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க" என்று வீட்டுக்காரர் கடைக்காரனைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் மூன்றாவதை எடுத்தாள்.

"அது செகண்ட் ஹேண்டுக்கா. வெளியூர் வியாபாரி ஒரு லாட்டா அனுப்பினதுல வந்துச்சு. உங்க பெட்டிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். ஒரு மூலை மட்டும் உடைஞ்சு, யாரோ எதையோ வச்சு ஒட்டியிருக்காங்க."

அவள் திருப்பிப் பார்த்தாள். விசிறிக்குப் பக்கத்தில், கறுப்பு மூடியின் மூலையில், வெளிர் சிவப்பாக ஒரு ஒட்டு. கட்டைவிரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

கார்டை விளக்குக்கு நேரே பிடித்து மறுபடி பார்த்தாள். பிறகு, போட்டுக் காட்டச் சொன்னாள்.

கடைக்காரன் சோதனை மெஷினில் செருகினான். விசிறி சுற்றியது. படம் பளிச்சென்று வந்தது.

வீட்டுக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். "யாரோ கழிச்சுப் போட்டதை நீ எதுக்கு வாங்கணும்? கம்ப்யூட்டரே புதுசா எடுத்துடலாம். நான் வாங்கித் தரேன்."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கடைக்காரன் முகம் மலர்ந்து விலைப்பட்டியலைத் தேடினான்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஏசி ஓடுகிற கடையில் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவளுக்குக் கோபம் ஏறியது. அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை.

"இதுவே போதும் தம்பி."

"யோசிச்சுக்கங்க அக்கா. வாரன்டி கிடையாது. பழசு, எப்ப வேணா எரிஞ்சு போகலாம்."

"இது எரியாது" என்றாள், வீட்டுக்காரர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைக்காரன் ஒட்டை நகத்தால் சுரண்டினான். என்ன பசையென்றே தெரியவில்லை, பெயரவே மாட்டேன் என்கிறது என்றான்.

"கடிச்சாலும் பெயராது தம்பி. கடிக்கறதுக்குன்னே உள்ள சாமான் அது."

பல்செட்டுக்கு ஈறு வைக்கிற பிசின். லேப்பில் அவள் மேசைமேல் ஜாடியில் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கார்டில் அந்த மூலை உடைந்தபோது, ஒரு வாய்க்குச் செய்கிற அதே கவனத்தோடு பூசி, இறுகவைத்து, மெருகேற்றினாள். கார்டுக்கே பல்செட் கட்டிவிட்டாயே என்று பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தவர் அவர்தான்.

இப்போது அவர் சுவரில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கித் தரேன்னீங்களே. குடுங்க."

அவர் பர்ஸை எடுத்தார். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கவும் இல்லை.

கடைக்காரன் கட்டித் தந்த கார்டை அவள் வாங்கி வீட்டுக்காரரின் கையில் வைத்தாள்.

"பத்திரமாத் தூக்கிட்டு வாங்க. செத்ததைத்தான் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. இதுக்கு இன்னும் உயிர் இருக்கு."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.