மேஜருக்கு மூட்டு வலி

"கஞ்சாவைச் சட்டப்படி விக்கலாமா, கூடாதான்னு அரசாங்கம் நம்மகிட்ட கருத்துக் கேக்குதாம். மிட்டாய் மாதிரி கடையில தொங்கவிடப் போறாங்க! நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது!"

குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி மேஜையில் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் ஒரு குதி குதித்தது.

"அப்படிப் போடுங்க சார்!" என்றார் யோகா டீச்சர். "சாயங்காலமானா மாடிப்படி முழுக்க அந்த வாடைதான். என் மூச்சுப் பயிற்சியே கெட்டுப் போகுது."

பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இளம் தாய், புடவைத் தலைப்பால் அதன் மூக்கை மூடினாள். இன்னும் பல்கூட முளைக்காத குழந்தை. அது இழுக்கிற மூச்சோடு அந்தப் புகையும் உள்ளே போய்விட்டால்?

"வாடை எங்கேருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியுமே," என்றான் அவள் கணவன். தினமும் சாப்பிட்ட கையோடு மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகிறவன். அவனுக்குத் தெரியாததா?

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின.

அங்கே நாலாம் மாடி சடைமுடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இடுப்பு வரை முடி. கோவைப் பழமாய்ச் சிவந்த கண்.

"கண்ணைப் பாருங்க, கண்ணை!"

"ராத்திரி பூரா பேக்கரி அடுப்பு முன்னால நிக்கறேன் சார். வேற எப்படி இருக்கும்?"

"அதெல்லாம் இருக்கட்டும். சட்டம் வரணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுப்பா."

"வரட்டுமே சார். ஒளிச்சு வித்தா எவன் விக்கறான், எதைக் கலக்கறான்னு யாருக்குத் தெரியுது? கடைக்கு வந்தா ஒரு கட்டுப்பாடு இருக்கும். மத்தபடி எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. புகை பட்டாலே தும்மல் வரும்."

"தும்மல் வரும்னு அனுபவஸ்தன் சொல்றான், கேட்டுக்குங்க!"

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே செக்ரட்டரி தீர்மானத்தை வாசித்துவிட்டார். சட்டம் கூடாது. மாதக் கடைசிக்குள் சடைமுடி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

சடைமுடியின் கொட்டாவி பாதியில் நின்றது.

"சார், இந்த முடிக்கு வேற எவன் சார் வீடு தருவான்? ஊரெல்லாம் ஏறி இறங்கித்தான் இங்க வந்தேன்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. பயமும் விடவில்லை. எழுந்தாள்.

"சார், ஒரு யோசனை. அஞ்சாம் மாடி மாமா வீட்டுல மேஜர் இருக்கில்ல? போலீஸ்ல மோப்பம் பிடிச்ச நாய். அதைக் கூட்டிட்டு வந்தா யாருன்னு தெரிஞ்சிடுமே!"

"நாயெல்லாம் எதுக்கும்மா?" என்றார் செக்ரட்டரி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எனக்கு நாய் முடி ஒத்துக்காது," என்றார் யோகா டீச்சர்.

"பாப்பாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு பாரு. கிளம்பலாம்," என்றான் கணவன். பாப்பா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

போலீஸில் மேஜரைப் பழக்கியவரே மாமாதான். அவரும் தலையைச் சொறிந்தார். "வேண்டாம்மா. அதுவும் ரிட்டயர்டு, நானும் ரிட்டயர்டு."

"பாப்பாவுக்காக மாமா, ப்ளீஸ்."

லிஃப்ட் ரிப்பேர். மாமா படியேறிப் போய் மேஜரோடு இறங்கி வந்தார்.

"இது குரைக்காது, கடிக்காது. சரக்கு வாடை யார்கிட்ட அடிச்சாலும் அவங்க முன்னாடி உட்கார்ந்துடும். அதுதான் பயிற்சி."

முதலில் சடைமுடி. மேஜர் மோந்து பார்த்தது. சட்டைக் கையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளை நக்கியது. வாலை ஆட்டிவிட்டு நகர்ந்தது.

"போதும், போதும், கூட்டிட்டுப் போங்க!" என்றார் செக்ரட்டரி.

மேஜர் அவர் முன்னால் போய் உட்கார்ந்தது.

பிறகு எழுந்து, யோகா டீச்சர் முன்னால் உட்கார்ந்தது. அவர் இழுத்த மூச்சை விடவே இல்லை.

மறுபடி எழுந்தது. பாப்பாவின் குட்டிப் பாதத்தை ஒரு தடவை மோந்தது. அடுத்த நாற்காலி முன்னால் ஜம்மென்று உட்கார்ந்தது. அதில் இருந்தவன் அவள் கணவன்.

"ஏங்க...?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நாய்க்கு என்னைப் பிடிச்சிருக்கு போல."

மாமா அவளைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். கடைசி வரிசையில் வெளிறிப்போய் நின்ற சடைமுடியைப் பார்த்தார்.

"மூட்டு வலி," என்றார்.

"என்னது?"

"மேஜருக்கு வயசாச்சில்ல? நாலடி வெச்சா உட்கார்ந்துடுது. இதை நம்பி ஒரு ஆளை வீட்டை விட்டுத் துரத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

"கூடாது! கூடவே கூடாது!" செக்ரட்டரி துள்ளி எழுந்தார். "பாவம், வாயில்லா ஜீவன்!"

"மூட்டு வலிக்கு நல்ல ஆசனம் ஒண்ணு இருக்கு. மேஜருக்கு நானே சொல்லித் தரேன்," என்றார் யோகா டீச்சர்.

"தம்பி, நீ பாட்டுக்கு இருப்பா. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ," என்றார் செக்ரட்டரி சடைமுடியிடம்.

"அப்போ அந்தச் சட்டம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை அரசாங்கம் பாத்துக்கும். நமக்கெதுக்கு வம்பு?" தீர்மானம் நாலாக மடிந்து செக்ரட்டரியின் சட்டைப் பைக்குள் போனது.

கூட்டம் கலைந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியேறினாள். முன்னால் மாமாவும் மேஜரும். பின்னால் கணவன்.

முதல் திருப்பத்திலேயே மேஜர் சங்கிலியை உருவிக்கொண்டு பாய்ந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி, எங்கும் நிற்காமல் அஞ்சாம் மாடிக்கே போய், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டி, இன்னுமா வரவில்லை என்பதுபோல் கீழே பார்த்தது.

"மாமா, மூட்டு வலின்னீங்களே?"

"ஆமாம்மா. சில பேர் முன்னாடி மட்டும் வரும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான், அவள் கணவன்.