மார்கழிப் பாத்தி

கடைசிச் செடியின் தூரைச் சுற்றி மண்ணை அழுத்தினார்.

சிவப்புப் பெட்டூனியா. ஒவ்வொன்றிலும் நாலைந்து பூ. நர்சரியில் பூத்த செடிகளாகவே பொறுக்கி வாங்கியிருந்தார்.

கிழித்தெடுத்த கறுப்புப் பைகளைச் சுருட்டி, குளியலறைக்குப் பின்னால் ஒரு செங்கல்லுக்கு அடியில் செருகினார். அறுபது தாண்டிய மனுஷன் செய்கிற காரியமா இது என்று தோன்றியது. இன்னும் ஆழமாகச் செருகினார்.

கை கழுவப் போகும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

ஐப்பசியில் சிகிச்சைக்காகச் சென்னைக்கு, தன் தங்கை ரேணுகாவின் வீட்டுக்குக் கிளம்புமுன் அவர் மனைவி இந்திராணி கடைசியாகச் செய்த வேலை, இந்தப் பாத்தியில் விதை தூவியதுதான். திருச்சி வெயிலுக்குத் தாங்காத செடி. மார்கழி, தை என்று குளிர் இருக்கிறவரை பூக்கும். மாசி பிறந்தால் கருகிவிடும். அந்தக் கொஞ்ச நாளுக்காகவே வருஷா வருஷம் விதைப்பாள். காபி டம்ளரோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இலையில் பனி காய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மழை விட்டா தண்ணி மட்டும் காட்டுங்க. போதும்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மழையில் தானாகவே முளைத்தன. நகம் அளவுக்கு இலை விட்டன.

மழை நின்றது.

ஒருநாள் போய்ப் பார்த்தபோது நூல் நூலாகக் காய்ந்து கிடந்தன.

அன்று மாலை அவள் போனில் கேட்டாள். நல்லா வருது என்றார்.

அடுத்த வாரம் மொட்டு விட்டிருக்கு என்றார். அவள் கேட்காமலேயே.

மருந்து ஏற்றுகிற நாட்களில் அவளால் பேசவே முடியாது. அப்போதும் "பூத்துருச்சா?" என்று மட்டும் கேட்டுவிடுவாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடமும் நர்சுகளிடமும் அக்காவுக்கு அந்தப் பூவைப் பற்றித்தான் பேச்சு என்றாள் ரேணுகா. போட்டோ அனுப்பச் சொன்னாள். போனில் கேமரா சரியில்லை என்றார்.

இப்போது ரேணுகா கையைப் பிடித்துக்கொள்ள, இந்திராணி காரிலிருந்து இறங்கினாள். தலையில் துணி கட்டியிருந்தாள். புடவைதான் நடந்து வருவது போல இருந்தது. வீட்டுக்குள் போகவில்லை. நேரே பாத்திக்கு வந்தாள்.

நின்று பார்த்தாள்.

"ஊதான்னுல்ல சொன்னே அக்கா?" என்றாள் ரேணுகா.

அவருடைய நகக்கண்களில் ஈரமண் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விதைக் கடைக்காரன் பாக்கெட்ல மாத்திப் போட்டிருப்பான்" என்றாள் இந்திராணி. "எப்படி வளத்திருக்கார் பாரு."

"உங்களுக்கு இதெல்லாம் வருமா அத்தான்? நான் நம்பவே இல்ல" என்று ரேணுகா சிரித்தாள்.

அவரும் சிரிக்க வேண்டியிருந்தது.

காபி போடுகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேணுகா உள்ளே போனாள். அவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இந்திராணி உட்கார்ந்தாள். குனிந்து ஒரு பூவை விரல் நுனியால் நிமிர்த்தினாள். அதன் அடியில் மண்ணைத் தொட்டாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நட்ட அன்னைக்கு வெயில் படக்கூடாதுங்க. துவண்டுரும். ஏதாவது நிழல் பண்ணுங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

மறந்துட்டேன் இந்திரா என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகம் தெளிஞ்சிருக்கு உங்களுக்கு. நல்லாத் தூங்கியிருக்கீங்க."

குரலில் குறை இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஐப்பசியில் அவள் சென்னைக்குப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் முனகல் இல்லை. வாந்திக்குப் பாத்திரம் பிடிக்க எழுந்திருக்க வேண்டியதில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்து, மருந்து நெடி போன அறையில் படுத்தார். வெயில் கட்டில்மேல் ஏறும்வரை தூங்கினார். ஓட்டலில் இட்லி சாப்பிட்டு வந்து மறுபடியும் படுத்தார். ஒரு வருஷமாகத் தூங்காத தூக்கம். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு மத்தியானம் நினைத்தார். அரைத்தூக்கத்தில் இல்லை. நன்றாக விழித்துக்கொண்டு நினைத்தார்.

அந்த நாட்களில்தான் செடிகள் காய்ந்தன.

இப்போது உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார். விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார்.

"எனக்கு எதுக்கு? செடிக்குப் பிடிங்க."

குனிந்தார். நிழல் சிவப்புப் பூக்களின் மேல் விழுந்தது.

இந்திராணி தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இளவெயில் அவள் தலையில் நேராகப் பட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிச்சா சொல்லுங்க" என்றாள். "கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்."