பாட்டி படுத்த இடம்

பங்களா நாய் லியோ தன் வம்சப் பெருமையை ஆரம்பித்தால் லேசில் ஓயாது. அன்று கேட்டுக் கம்பி வழியாக மூக்கை நீட்டி, தெருநாய் செவலையிடம், "எங்க பாட்டி கண்காட்சியில மெடல் வாங்கினவங்க. ஹால்ல படம் மாட்டியிருக்கு. போன மாசம் செத்துப்போச்சே உங்க பாட்டி, அதுக்கு என்ன இருக்கு?" என்றது.

செவலைக்குச் சுருக்கென்றது.

"எங்க சித்தப்பா குட்டியா இருந்தப்போ இந்த வளைவுலதான் லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. மறுநாள்லேருந்து பாட்டி நடுரோட்டுலயே படுத்துக்கிட்டாங்க. எவன் ஹாரன் அடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாங்க. வண்டிதான் ஒதுங்கிப் போகணும். அப்புறம் எங்க குட்டி ஒண்ணுகூட அடிபடலை."

"அதான் இப்போ உங்க பாட்டி இல்லையே!" என்று லியோ இளித்தது.

அந்நேரம் டவுன் பஸ் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. வளைவை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தது. பாட்டி படுத்திருந்த இடம் வெயிலில் வெறுமனே கிடந்தது. பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்த ஆட்டோவும் அப்படியே சுற்றிப் போனது.

லியோ நீட்டிய மூக்கைக் கம்பிக்குள் இழுத்துக்கொண்டது.

"படம் எங்ககிட்ட இல்லதான்" என்று சொல்லிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நிதானமாகச் சாலையைக் கடந்தது செவலை.