நாலு பேர் இருக்கும் வீடு

“வீட்ல எத்தனை பேர்?” என்று கேட்டபடியே உள்ளே வந்தார் குடியிருப்பு அலுவலக அதிகாரி.

“நாலு பேர், மேடம்.”

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதோ என்று அம்மாவுக்குத் தோன்றியது.

மேசையருகே, அப்பா இடத்தில், அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். சின்னவன் அவன் தோளில் சாய்ந்து, சுருள் சுருளாக விழும் சீவலைப் பொறுக்கினான். பெரியவள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம்தான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அம்மாவை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். புதிய சம்பளம் மூன்று பேர் வீட்டுக்கான வருமான வரம்பைத் தாண்டும். நாலு பேர் என்றால் தாண்டாது.

தாண்டினால் காலி செய்ய வேண்டும்.

அதிகாரி கொடியில் தொங்கிய ஆண்சட்டையைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தக் கட்டடமே கம்மி சம்பளக்காரங்களுக்காகக் கடன் பத்திரம் வித்துக் கட்டினது. பத்திரம் வாங்கினவங்களுக்கு அதுல வர்ற வட்டிக்கு வரி கிடையாது. அதனால கம்மி வட்டிக்கே பணம் குடுத்தாங்க, உங்க வாடகையும் கம்மியாச்சு. ஆள் கணக்குல பொய் இருந்தா அந்தச் சலுகைக்கே வேட்டு. மொத்தக் கட்டடமும் மாட்டிக்கும்.”

மொத்தக் கட்டடம்.

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

பத்திரம் வாங்கிய அந்தப் பணக்காரர்களை அவள் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு. முகம் தெரியாதவர்கள். எங்கோ ஒரு தோட்டத்தில் காபி குடித்தபடி, தெரியாமலே இவள் சுவரைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள்.

அதிகாரி இருமினார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அவன் சட்டென்று எழுந்தான். “அக்கா, தம்ளர் எங்க இருக்கு?”

அதிகாரியின் பேனா நின்றது.

கணவனாக நடிக்க வந்த எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள், இன்றைக்கு மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று. மூன்று வருடமாக அக்கா என்றே கூப்பிட்ட பழக்கம். நாக்கு கேட்டால்தானே.

“நான் எடுத்துட்டு வரேன்ப்பா, நீங்க உக்காருங்க.”

பெரியவள் எழுந்திருந்தாள். அதிகாரியைப் பார்த்துச் சிரித்தாள்.

“தம்பி என்னைப் பேர் சொல்லியே கூப்பிடறான், மேடம். அவனுக்குப் பழகட்டும்னு அப்பாவும் என்னை அக்கான்னுதான் கூப்பிடறாரு.”

“எங்க வீட்லயும் இதே கூத்துதான்” என்று அதிகாரியும் சிரித்தார். நாலு என்று எழுதினார். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பெரியவள் கதவைத் தாழிட்டாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

எதிர்வீட்டு மாமா தம்பிக்குப் படம் வரையச் சொல்லித்தர வருகிறார் என்று மட்டும்தான் காலையில் பெரியவளிடம் சொல்லியிருந்தார்கள்.