இரண்டு நேர்ச்சைகள்

அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

முட்டியின் மேல் பஞ்சு போகிறதாம்.

"தெரியுதாம்மா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

பிசியோதெரபிஸ்ட் சுகந்தி நீலப் பேனாவால் முட்டியைச் சுற்றி எல்லை போட்டாள். வலதில் ஒரு வெற்றிலை அளவு. இடதில் கொஞ்சம் சிறிசு. ஆபரேஷனில் கத்தி பட்ட இடத்துத் தோல் மரத்துப்போவது எல்லாருக்கும் உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

இவ்வளவுதானா மரத்திருக்கிறது என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு முட்டியும் மாற்றி ஒரு வருஷம் ஆயிற்று. இன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. இத்தோடு இந்த ஆராய்ச்சிக்கும் அவளுக்கும் உள்ள சகவாசம் முடிந்தது.

"ஜெனோ எங்கம்மா? வண்டிய நிறுத்திட்டு வர்றாளா?"

"வரல."

சுகந்தி தலையாட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

முட்டி மாற்றியவர்கள் முழங்காலிடவே கூடாது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிற்று. பழக்கினால் முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி. முதலில் மெத்தையில். பிறகு ஸ்பாஞ்சில். பிறகு வெறுந்தரையில்.

கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மகள் ஜெனோவாவுக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தது. மாற்றுக் கிட்னி கிடைத்துப் பிள்ளை பிழைத்துவிட்டால், வேளாங்கண்ணி மணல் பாதையை முழங்காலிலேயே கடந்து வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தாள். நேரும்போது முட்டி இருந்த லட்சணம் அவளுக்கும் தெரியும், மாதாவுக்கும் தெரியும்.

வீட்டில் பயிற்சி கொடுத்தது ஜெனோதான். வாரம் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். மற்ற நாளில் கட்டிலோரம் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவாள். ஒன்றைக்கூட ஏமாற்ற விடமாட்டாள்.

ஒருநாள் ஏழோடு நிறுத்திவிட்டு இவள் அழுதாள். உயிர் போகிற வலி.

"யம்மா, அழாத. ஒன் முட்டு நல்லாவட்டும், நானும் அந்த மணல்ல முட்டு போட்டு வாரேன். மாதாவே, கேட்டுக்கிடுங்க. எங்கம்மா சாட்சி."

"வாய அடக்குட்டி. நேர்ச்சைன்னா வெளையாட்டா?"

"வெளையாட்டுக்குச் சொல்லலம்மா."

சிரிக்கவில்லை ஜெனோ. எட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸுக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை.

அடக்கத்தன்று கோயிலில் எல்லாரும் முழங்காலிட்டார்கள். இவள் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். முட்டி மாற்றினவள், பாவம், என்று விட்டுவிட்டார்கள்.

முடியும். முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

யாருக்காக?

"எறங்குங்கம்மா. மெதுவா. தரையில முட்டி போட்டுக் காட்டுங்க."

கட்டிலைப் பிடித்து இறங்கினாள். முதலில் வலது. பிறகு இடது. முட்டி தரையில் பட்டது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

சுகந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

கைகள் தாமாகக் குவியப் போயின. அவற்றைப் பிரித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"வலி எத்தனை? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"பூஜ்யமா? சூப்பர்ம்மா! ரெண்டு முட்டியும் நல்லாயிடுச்சு. எங்க ஆராய்ச்சியிலயே நீங்கதான் முதல்!"

அவ்வளவு சந்தோஷம் சுகந்திக்கு. ஒரு வருஷமாகப் பாடுபட்டவள் அவளும்தானே.

கடைசித் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. முட்டி நல்லாகி என்ன செய்ய ஆசை என்று முதல் நாளே எல்லாரிடமும் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவர் மாடிப்படி என்றார். ஒரு டீச்சரம்மா தரையில் உட்கார்ந்து கோலம் என்றார். இவள் பெயருக்கு எதிரே, 'வேளாங்கண்ணி மணல் பாதையில் முழங்காலில் போக வேண்டும்' என்று இருந்தது. கீழே இரண்டு கட்டம். நிறைவேறியது. நிறைவேறவில்லை.

"போயிட்டு வந்துட்டீங்களாம்மா?"

"இல்ல."

"ஏன்? வலிக்கும்னு பயமா?"

பிள்ளையே போன பிறகு நேர்ச்சை ஏது? கேட்டதை மாதா கொடுக்கவில்லை. இவளும் போக வேண்டியதில்லை. தேவைப்படல என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை.

"முட்டு நல்லாயிட்டுன்னு சொன்னீங்களே. நெசந்தானாம்மா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! நூத்துக்கு நூறு."

அவள் குனிந்து பார்த்தாள். நீலக் கோடு பாதி தரையில் அழுந்திக் கிடந்தது. எண்ணி எண்ணி நல்லாக்கிய முட்டி.

"அடுத்த மாசம் போறேன்னு எழுதிக்கிடுங்க," என்றாள். "எங்க ஜெனோ நேர்ந்தது ஒண்ணு இருக்கு."

சுகந்தி சிரித்தாள். "அவ நேர்ந்துக்கிட்டா அவதானம்மா போகணும்? அவளுக்குப் பதிலா நீங்க எதுக்கு?"

அவள் முழங்காலிலேயே ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு."

அடுத்த முட்டியை இழுத்து வைத்தாள்.

"ரெண்டு."

சுகந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றை இவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடி மட்டும் எடுத்து வைத்தாள்.