மச்சான் வந்தால் ஓடாத காடி

"மாப்பிள, இந்த ஞாயிறும் காடி ஓடாதா?"

துரையிடம் வாங்கிய பழைய ரேஸ் காடிக்கு அடியிலிருந்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ரத்தினவேலு தலையை நீட்டினார். முகமெல்லாம் எண்ணெய்.

"பிரேக் மாத்தினேன், கார்புரேட்டரும் புதுசு. கிளம்ப மாட்டேங்குது மச்சான்."

"குளுவாங் கடைத்தெருவுல இதுல போய் இறங்கணும்னு எனக்கு ஒரே ஆசை லா!" பெருமூச்சோடு மச்சான் குப்புசாமி ரயிலுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் ரத்தினவேலுவின் பெண்சாதி செல்வராணி பட்டுச்சேலையில் வெளியே வந்தாள். "அண்ணன் போயிட்டாங்களா?"

ரத்தினவேலு, தானே கழற்றி கைலி மடியில் ஒளித்திருந்த ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து மாட்டி, கைப்பிடியைச் சுழற்றினார். காடி உறுமியது. இருப்பதோ இரண்டே சீட்டு. பெண்சாதியின் அண்ணனிடம் இடமில்லை என்று சொல்ல முடியுமா?

அடுத்த ஞாயிறும் ரத்தினவேலு காடிக்கு அடியில் படுத்திருந்தார். குப்புசாமி தகரப் பெட்டியோடும் பாயோடும் வந்து இறங்கினார்.

"எங்கயாச்சும் பயணமா மச்சான்?"

"பயணமா? நீங்க தனியா படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கல மாப்பிள. வேலைக்கு லீவு சொல்லிட்டேன். காடி கிளம்புற வரைக்கும் உங்க பக்கத்துலயே இருக்கேன். கிளம்பினதும் நாம ரெண்டு பேரும் நேரா குளுவாங்தான்!"

உள்ளே பட்டுச்சேலை மறுபடி பெட்டிக்குள் போனது.